நித்திரைக்குச் சாட்சி

"…ஒண்டுக்கும் ஏலாத மனிசன், மிஸ். ஒரு கிளாஸ் பிளேன்டீயக் கையில குடுத்து, அந்தா அந்த மேசைக்குக் கொண்டு போ எண்டாலும் நான் நம்பிக் குடுக்க மாட்டன். பஸ்ஸில ஏத்தி விட்டா எங்க இறங்குவாரெண்டு அவருக்கும் தெரியா, பஸ்ஸுக்கும் தெரியா. ஊட்டுக்கும் பாரம், ஊருக்கும் பாரம்."

இப்படிச் சொன்னவன் என் பகையாளி இல்லை, என் மச்சான். இரத்த உறவு ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாளிலிருந்து நான் அவனை மச்சான் என்கிறேன், அவன் என்னை மச்சான் என்கிறான். எங்கள் ஒழுங்கை முகப்பில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறான். அவன் அப்படிச் சொல்லும்போது நான் அரசாங்கக் கந்தோரில் அவனுக்குப் பக்கத்திலேயே கதிரையில் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் விசாரிக்கிற அதிகாரி, எல்லாரும் மிஸ் என்கிறவர். அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு இளம் உத்தியோகத்தர் நின்றார். வாசலில் என் மனைவி. மச்சான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் நெஞ்சில் தைத்தது. ஆனாலும் நல்லாச் சொல்றான், இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்றுதான் நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மனிதன் தன்னைப் பற்றிக் கூடாமல், கெட்டதாகச் சொல்லச் சொல்லி ஏன் துஆ கேட்கிறான் என்று விளங்க வேண்டுமென்றால், பஸ்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸொன்றில் நான் கொண்டக்டராக இருந்தேன். பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டவன். வாசிக்கவும் எழுதவும் பழகியதெல்லாம் பிறகு நானாகவே. ஆனால் மனிசர் கதைக்கிற கதையில் எனக்கு இருந்த ஆசை சொல்லி முடியாது. பஸ் ஒரு நல்ல இடம். அக்கரைப்பற்றுச் சந்தியில் ஏறுகிற நெல் வியாபாரி ஒரு மாதிரிக் கதைப்பார், ஒலுவிலில் ஏறுகிற கம்பஸ் பிள்ளைகள் வேறு மாதிரி. நல்ல கதையொன்று காதில் விழுந்தால் அன்று பின்னேரம் மச்சான் கடையில் போய் அதை அவிழ்த்து விடுவேன். அவன் அதற்குக் கையும் காலும் வைத்து மறுநாள் முழு ஊருக்கும் சொல்லுவான். எங்கள் பக்கத்தில் அவனைப் போல் சிரிக்க வைக்கிற ஆள் இல்லை. அந்தக் கடைக்கு ஆட்கள் வந்தது தேத்தண்ணிக்கு இல்லை.

முதன்முதலில் நான் விழுந்ததும் ஒரு நல்ல கதையால்தான். மீன் விற்கிற அக்கா ஒருவர் பெட்டியோடு ஏறினார். பெட்டி இடத்தை அடைக்கிறது, அதற்கும் ஒரு டிக்கட் எடுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உசிரோட இரிக்கக்குள்ள கடலெல்லாம் ஓசியில சுத்தின மீனுக்கு, செத்தாப் பிறகு டிக்கட்டோ தம்பி?"

பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு வாய்க்கு வருவதற்குள் முழங்கால் இரண்டும் என்னை விட்டுப் போய்விட்டன. தாடை தொங்கியது, தலை நெஞ்சில் விழுந்தது, மாவை நனைத்துக் கொட்டிய மாதிரி மிதிபலகைக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தேன். நினைவு மட்டும் போகவில்லை. சில்லறை உருளுகிற சத்தம் கேட்கிறது. யாரோ வலிப்பு என்று சொல்லி என் கையில் இரும்புத் திறப்புக் கொத்தைத் திணிக்கிறார். அந்த அக்கா, நான் என்ன சொல்லிப்போட்டன், தம்பிக்கு நான் என்ன சொல்லிப்போட்டன் என்று அழுகிறார். இது உங்களால் இல்லை அக்கா என்று சொல்ல நாக்கை அசைக்கப் பார்க்கிறேன், நாக்கு என்னுடையதாக இல்லை.

அதற்கு முதலே நித்திரை வந்துவிட்டிருந்தது. நான்தான் அதை ஒரு நோய், வருத்தம் என்று எடுக்கவில்லை. மிச்சக் காசைக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போதே கண் செருகும். டிக்கட்டில் எழுதத் தொடங்கிய எழுத்து கோடாக இழுபட்டு ஓடியிருக்கும். நின்ற நிலையிலேயே கனவு வரும். மாவடிப்பள்ளி வயலுக்குள் பஸ் இறங்கி ஓடுகிற மாதிரி ஒரு கனவு வந்து, திடுக்கிட்டுக் கத்தி, முன் சீட்டில் இருந்த பிள்ளையொன்று பயந்து அழுதது. இரவு முழுவதும் படுத்தாலும் காலையில் நித்திரை தீர்ந்திருக்காது.

எங்கள் ஊரில் ஒரு மனிதன் பட்டப்பகலில் தள்ளாடினால் சனங்கள் நினைக்கிறது இரண்டே விஷயம்தான். ஒன்று குடி, மற்றது இப்போது பொடியன்மாரை அழிக்கிற தூள். யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. பஸ் முதலாளி மட்டும் நல்ல மனிதர், அண்ணனைக் கூப்பிடுவதுபோல் காக்கா என்று கூப்பிட்டு நேராகவே சொன்னார். நீங்கள் என்ன பாவிக்கிறீர்கள், பாவிக்கவில்லை என்பது எனக்கு வேண்டாம் காக்கா, மிதிபலகையிலிருந்து ரோட்டில் விழுந்தீர்களென்றால் மறியலில் கம்பி எண்ணுவது நான்தான் என்றார். அன்றோடு பஸ் முடிந்தது.

பள்ளிவாசலிலும் இந்தக் கூத்துத்தான். தொழும்போது சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தால் அப்படியே நித்திரையாகிவிடுவேன். ஜமாஅத் முடிந்து ஆட்கள் எழும்பிப் போனாலும் நான் குனிந்தபடி கிடப்பேன். கொஞ்ச நாளாக ஊரில் எனக்கு ஒரு தனி மரியாதை வந்தது. பெரியவர்கள் எனக்கு முந்தி ஸலாம் சொன்னார்கள். இந்த மனிசன் சுஜூதில் கிடந்து அல்லாஹ்விடம் அழுகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் குறட்டை விட்டேன், அந்த மரியாதையும் போனது.

கடைசியில் மனைவி தன் காப்பை அடகு வைத்து என்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போனாள். பெரிய ஆசுபத்திரியில் தலையெல்லாம் வயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். டொக்டர் நோனா ஒருவர் பொறுமையாக விளக்கினார். இதற்கு நார்கோலெப்சி என்று பெயர், நித்திரையையும் முழிப்பையும் பிரித்து வைக்கிற இடம் மூளையில் பழுதாகிவிட்டது, சிரிப்பு வந்தால் கனவில் உடம்பு தளர்கிற மாதிரி முழிப்பிலேயே தளர்ந்துவிடும், இது பைத்தியமும் இல்லை, பழக்கமும் இல்லை, சுகமாகவும் மாட்டாது என்றார். சுகமாகாது என்ற சொல்லைக் கேட்டு மனைவி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இது பழக்கம் இல்லை என்று ஒரு படித்த மனிசி வாயால் சொல்லிவிட்டாரே, அது போதும் என்றிருந்தது.

முழிப்புக்கு ஒரு மாத்திரை, குளிசை தந்தார். அதைப் போட்டால் பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் நான் மனிதன். கதைக்கலாம், நடக்கலாம், விழுவதும் குறைவு. ஆனால் அந்தக் குளிசை எங்கள் பக்கத்து ஆசுபத்திரியில் இல்லை. கொழும்பில் காசுக்குத்தான் வாங்க வேண்டும், உயிரோடு ஹயாத்துள்ள வரைக்கும் வாங்க வேண்டும். மனைவியின் தையல் மெசின் சோறு போடும், குளிசை போடாது. ஏலாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தருகிற கொடுப்பனவுக்கு எழுதுங்கள் என்று டொக்டர் நோனாதான் சொல்லி அனுப்பினார். அது கிடைத்தால் நான் முழித்திருப்பேன், கிடைக்காவிட்டால் இல்லை. இதற்குள் வேறு கணக்கு ஒன்றும் இல்லை.

ஊருக்கு வந்து மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முக்கியமாகப் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: இவனைச் சிரிக்க வைக்கக் கூடாது. அன்றிலிருந்து நான் கடைக்குள் காலை வைத்தால் அவன் வாயை மூடிவிடுவான். இருக்கிற ஆட்களுக்கும் கண்ணைக் காட்டுவான். எல்லாரும் மையத்து கிடக்கிற சாவு வீட்டுக்கு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மழை பெய்யுமா, உரம் வந்ததா என்று கதைப்பார்கள். ஒரு தடவை அந்த முகங்களைப் பார்த்தே எனக்குச் சிரிப்பு வந்து வாங்கிலிருந்து சரிந்து போனேன். அதற்குப் பிறகு அவன் அழுத்தமாகச் சொல்லிவிட்டான், நீ வா, தேத்தண்ணி குடி, போ, இருக்காதே என்று. என்னில் இருந்த பாசத்தில்தான் சொன்னான். எனக்கென்னவோ பஸ்ஸை இழந்ததைவிட அதுதான் பெரிய இழப்பாக இருந்தது.

விண்ணப்பம் போட்டோம். ஊர் விதானையார் ஒப்பமிட்டார். கந்தோரில் கண்ணா, காதா, கையா, காலா, மூளையா என்று கேட்டார்கள், நித்திரை என்றோம். நித்திரை ஆருக்குத்தான் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டு, கொழும்புக் கடிதத்தைப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டுப் பக்கம் வந்து விசாரிப்போம் என்றார்கள்.

இந்த விசாரிப்புத்தான் எங்களைக் கவிழ்த்தது. வெளியூர்க்காரருக்கு இது விளங்காது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் ஊர்களில் ஒரு பெண் பிள்ளையைக் கேட்டு வரப் போகிறார்களென்றால், வீட்டுக்கு வருவதற்கு முதல் மாப்பிள்ளை பக்கத்தார் ஒழுங்கைக்கு ஆள் அனுப்புவார்கள். தெரியாத முகம், உடுத்திருப்பது நல்ல சேட்டு, வருவது மோட்டார் சைக்கிளில். அந்த ஆள் தேத்தண்ணிக் கடையில் இருந்து, இந்த வீட்டு ஆட்கள் எப்படி, வாப்பாவுக்கு என்ன தொழில், வருத்தம் துன்பம் ஏதும் உண்டா என்று மெதுவாகக் கேட்பார். கேட்கப்படுகிற அயலவனுக்கு அப்போது ஒரு கடமை இருக்கிறது. காலையில் அந்த வீட்டாரோடு வேலிக்குச் சண்டை பிடித்திருந்தாலும், அப்போது நல்லதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் மண் போட்ட பழியை யார் ஏற்பது?

என் மகளுக்கும் கேட்டு வருகிற வயது.

கந்தோரிலிருந்து வந்த இளம் உத்தியோகத்தர் தான் யாரென்று சொல்லவில்லை. சொன்னால் சனம் உண்மை பேசாது என்று நினைத்திருப்பார். நல்ல சேட்டு, மோட்டார் சைக்கிள், தெரியாத முகம். மச்சான் கடையில் இருந்து, எங்கள் வீட்டைக் காட்டி, வாப்பா எப்படி, வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார்.

மச்சான் புகழ்ந்து தள்ளியிருக்கிறான். ஒரு வருத்தமும் இல்லை, தலையிடி என்றுகூடப் படுத்ததை நான் கண்டதில்லை, மூன்று ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்வார், பள்ளியும் வீடும் தொழிலும் என்று இருக்கிற தங்கமான மனிசன் என்று. தாத்தா என்று நாங்கள் சொல்கிற பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக் கேட்டாராம். அவர் இன்னும் ஒரு படி மேலே போய், விடியற்காலை சுபஹு தொழுகைக்கு எங்களை எழுப்புவதே அந்தக் காக்காதான் என்றிருக்கிறார். என்னை எழுப்ப வீட்டில் மூன்று பேர் வேண்டும். தேத்தண்ணிக்கும் பணிஸுக்கும் மச்சான் காசு வாங்கவில்லை. மாப்பிள்ளை பக்கத்தாரிடம் யாராவது காசு வாங்குவார்களா?

மோட்டார் சைக்கிள் திரும்பியதும் மச்சான் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். வந்திட்டாங்க, பொடியன்ட சாச்சா போல இரிக்கி, படிச்ச ஆக்கள், நான் நல்லாச் சொல்லி விட்டிரிக்கன் என்று மூச்சு வாங்கினான். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி ஒரு கோழியை அறுக்கச் சொன்னாள். நானும் சந்தோசப்பட்டேன். அன்று சாப்பிட்ட சோற்றைப் போல் ருசியான சோற்றை அந்த வருசத்தில் நாங்கள் சாப்பிடவில்லை. அந்த ஆட்கள் எப்போது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

வந்தது கந்தோர்க் கடிதம். மகள்தான் வாசித்தாள். அயலவர்களிடம் விசாரித்ததில் விண்ணப்பதாரி பூரண சுகதேகி என்றும் கடுமையாக உழைப்பவர் என்றும் தெரியவந்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். முதல் தரம் எங்களுக்கு, இரண்டாம் தரம் தனக்கு. வராத மாப்பிள்ளையும் குளிசையும் ஒரே மூச்சில் போனதை அவள் எங்களுக்கு முதலே விளங்கிக்கொண்டாள். பிறகு மடித்துத் தாயிடம் கொடுத்துவிட்டு உடுப்புக் கழுவப் போனாள்.

மச்சானிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்லது செய்தவனிடம் போய், உன் நல்லது என்னைக் கொன்றுபோட்டது என்று எப்படிச் சொல்வது? மனைவிதான் கடிதத்தைக் கொண்டு போய்க் காட்டினாள். அவன் வாசித்து முடித்து அவளை நிமிர்ந்து பார்த்து ஒன்று மட்டும் கேட்டானாம்.

"அப்ப அவன் மாப்புள ஊட்டான் இல்லையா, மச்சி?"

அன்று மத்தியான ளுஹருக்கு முதலே கடையைப் பூட்டிவிட்டான்.

மீள விசாரிக்கச் சொல்லி மேல்முறையீடு எழுதினோம். கந்தோரில் கூப்பிடுவதற்குள் குளிசை முடிந்துவிட்டது. அந்த நாட்களைப் பற்றி எனக்குச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, பாதியை நான் காணவேயில்லை. சோற்றுக் கோப்பையில் கையை வைத்தபடி நித்திரையாகி, சோறு கையில் காய்ந்து போக எழும்பினேன். அடுப்பில் கொதித்த கேத்தலை இறக்கப் போய்க் காலில் ஊற்றிக்கொண்டேன். மனைவி தையலை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தைக்காவிட்டால் அடுப்பும் எரியாது. நித்திரை விட்டு எழும்பும்போது உடம்பு அசையாமல் கண் மட்டும் திறந்து கிடப்பேன். கபுறுக் குழிக்குள் முழித்துக் கிடந்தால் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றும்.

கூப்பிட்ட நாளுக்கு முதல் நாள் மச்சான் வீட்டுக்கு வந்தான். நான் அங்க உன்னப் பத்திக் கூடாமத்தான் சொல்லுவன், மனசில வெச்சிக்காத என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, கந்தோரில் நம் ஊர்ச் சனம் நிற்கும், கதை வெளியில் வரும், பிள்ளையின் விசயம் எப்படி என்று கேட்டான். மனைவி அறைக் கதவைப் பார்த்தாள். அறைக்குள்ளிருந்து மகள்தான் சொன்னாள், வாப்பா முழிச்சிரிக்கட்டும், வாற ஆள் வாற நேரம் வரட்டும் என்று.

அப்படித்தான் அந்தக் கந்தோருக்கு வந்து சேர்ந்தோம். வழி முழுவதும் பஸ்ஸில் ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மச்சான், இரண்டு பேரும் மாறி மாறி என்னைக் கிள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மச்சான் சொல்லி முடித்ததும் இளம் உத்தியோகத்தர் மிஸ்ஸின் பக்கம் குனிந்து, இவர்தான் அன்றைக்கு மற்ற மாதிரிச் சொன்ன ஆள் என்றார். மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "அண்டைக்குச் சொன்னது பொய்யா, இண்டைக்குச் சொல்றது பொய்யா?"

"அண்டைக்குத்தான் பொய், மிஸ். அண்டைக்கு நான் ஒரு பொம்புளப் புள்ளட வாப்பாவப் பத்திச் சொன்னன். இண்டைக்கு வருத்தக்காரனப் பத்திச் சொல்றன்."

மிஸ் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்டார். பெயர், வயது, எப்போதிருந்து, எப்படி வருகிறது. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், தெளிவாகச் சொன்னேன், கொஞ்சம் அழகாகவும் சொன்னேன். அதுதான் வினையாகிப் போனது. பயத்தில் நித்திரை எங்கோ ஓடிவிட்டிருந்தது. வேறு எந்த நேரமும் என்னை விடாத சனியன், வேண்டிய நேரத்தில் பக்கத்திலும் இல்லை.

அவர் கெட்ட மனிசி இல்லை. வெளியில் வாங்கில் ஒற்றைக் காலோடு ஒரு மனிதர் காத்துக்கொண்டிருந்தார், கண் தெரியாத ஒரு பிள்ளையைத் தாய் மடியில் வைத்திருந்தாள். அவர்களையும் பார்த்துவிட்டுத்தான் அவர் எங்களைப் பார்க்கிறார். கொழும்புக் கடிதத்தை மறுபடியும் வாசித்தார். பழைய அறிக்கையையும் வாசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், கடிதம் ஒன்று சொல்கிறது, அறிக்கை ஒன்று சொல்கிறது, சாட்சி இரண்டையும் சொல்கிறார், இதை மாற்றி எழுதுவதென்றால் என் கண்ணால் கண்ட ஏதாவது வேண்டும் என்று. "நான் கண்டதத்தான் எழுதலாம். நான் இப்ப காணுறது, நல்லாக் கதைக்கிற ஒரு மனிசன."

வாசலில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ் பேனையை எடுத்தார்.

மச்சான் எழும்பினான். "கண்டா எழுதுவீங்களா, மிஸ்?"

கண்டால் எழுதாமல் என்ன என்றார் அவர்.

அவன் என்னைப் பார்த்தான். வேண்டாம் மச்சான், இந்த ஆட்களுக்கு முன்னால் வேண்டாம் என்று நான் கண்ணால் சொன்னேன். அது அவனுக்கு விளங்கியது. அவன் முகத்தைத் திருப்பி, மேசையில் என் பக்கம் இருந்த தண்ணீர்க் கிளாஸை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தான். என் கதிரையை மேசை மூலையிலிருந்து பின்னுக்கு இழுத்தான். தோளில் கிடந்த துவாயை எடுத்து நாலாக மடித்து, என் தலை வந்து விழக்கூடிய இடத்தைக் கணக்குப் பார்த்து, சீமெந்துத் தரையில் விரித்தான். பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்று, இரண்டு கையையும் என் கமக்கட்டுக்குள் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த சிரிப்புக் கதைகளில் ஒன்றை என் காதுக்குக் கிட்டக் குனிந்து சொல்லத் தொடங்கினான்.